இருநூறு மீட்டர் தெற்கே

ஸ்போகேன்,
ஆகஸ்ட் 11, 2002

அன்புள்ள ஓரின் அண்ணாவுக்கு,

போன நவம்பருக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேனோ என்று பயம், அதனால் பேனாவை எடுத்தேன்.

காரியமாகத்தான் எழுதுகிறேன். இந்த வருஷமும் எல்க் மான் வேட்டைக்கு மொன்டானா வருகிறேன், ஆனால் உன்னோடு இல்லை. கர்ட்டின் சித்தப்பா மகன் ஒரு கூட்டம் சேர்த்திருக்கிறான். "கையில ஜிபிஎஸ் இல்லாம நீ வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்று வீட்டுக்காரர் கர்ட் ஒற்றைக் காலில் நிற்கிறார். கடையில் போய்ப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கலர் திரை என்கிறான், உள்ளேயே திசைகாட்டி என்கிறான், விலையைக் கேட்டால் மயக்கமே வருகிறது. இந்த விஷயத்தில் உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்? எந்தக் கருவி, எந்த வரைபடம் என்று எழுது. தொலைந்தால் இனி என்னை நானேதானே தேடிக்கொள்ள வேண்டும்?

உறைபனியில் போன சுண்டுவிரலைத் தவிர காலுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
மார்லிஸ்


ஷோட்டோ,
ஆகஸ்ட் 19

அன்புள்ள மார்லிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. கலர் திரை வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும். கையுறையோடு அழுத்த முடிகிற பெரிய பொத்தான்கள் உள்ளதாகப் பார். சாதாரணக் கடையில் கிடைக்கும் பேட்டரி போடுகிற மாதிரி இருக்க வேண்டும். பேட்டரியைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொள், குளிரில் சீக்கிரம் செத்துப்போகும். எந்தக் கருவி வாங்கினாலும் காகித வரைபடத்தை விட்டுவிடாதே. நம்மிடம் இருக்கிற அரசாங்க வரைபடமே போதும், அதில் தனியார் பண்ணை நிலம் எது என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொள். வாங்கியதும் தெரிந்த ஓர் இடத்தில் நின்று, கருவி காட்டும் எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்.

ஒன்று மட்டும் எந்தக் கருவியும் செய்யாது. விழுந்த இடத்திலேயே உன்னைப் பிடித்து உட்கார வைக்காது. தொலைந்தவர் நகரக் கூடாது என்பது மலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா?

கர்ட்டைக் கேட்டதாகச் சொல்.

ஓரின்


ஸ்போகேன்,
ஆகஸ்ட் 27

ஓரின் அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக நீ கேட்டதும் இதுதானே. "ஏன்டி நகர்ந்தே?" வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன், நீ தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதோடு நின்றது நம் பேச்சு.

இப்போது கேள். கணுக்கால் பிசகி உருண்டபோது துப்பாக்கி பள்ளத்துக்குள் போய்விட்டது. ஊற்றுநீர் ஓடையில் சேருகிற இடத்தில், அந்தப் பாறைச் சுவரின் அடியில் கிடந்தேன். வரைபடத்தில் அந்த இடம் தெளிவாக இருந்தது. ஓரத்திலுள்ள கட்ட எண்களைப் பார்த்து வாக்கிடாக்கியில் உனக்குப் படித்தேன். "எழுதிக்கிட்டேன், அங்கேயே கெட, வர்றேன்" என்றாய். அதோடு பேட்டரி போயிற்று.

நான் நகரவில்லை. பனி கொட்டியது. தொண்டை கட்டும் வரை கத்தினேன். அப்புறம் வெடிச்சத்தம் கேட்டது. இரண்டே இரண்டு. முதல் குண்டு விலங்கை வீழ்த்த, இரண்டாவது அதன் கதையை முடிக்க. உனக்கு எல்க் கிடைத்துவிட்டது, என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாய் என்று புரிந்தது. விடிந்த பிறகுதான், இனி நீ வரப்போவதில்லை என்று பாதைவரை தவழ்ந்து போனேன். கோவேறு கழுதைகளோடு வந்த ஒரு வழிகாட்டிதான் என்னைத் தூக்கி ஏற்றினார்.

இதைக் கர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. என் அண்ணன் என்னை விட்டுவிட்டு மான் சுட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

மார்லிஸ்


ஷோட்டோ,
செப்டம்பர் 4

மார்லிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஸ்கூல் பஸ்ஸை எடுக்கவில்லை. வேறு டிரைவரைப் போகச் சொல்லிவிட்டேன்.

நான் எந்த மானையும் சுடவில்லை. நீ சொன்ன எண்களைக் கருவியில் போட்டு, அது காட்டிய வழியில் மூச்சு வாங்க ஏறினேன். 'வந்து சேர்ந்துவிட்டாய்' என்று கருவி காட்டிய இடம் பாறையின் உச்சி. அங்கே நீ இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. வானத்தைப் பார்த்து மூன்று தடவை சுட்டேன், விட்டு விட்டு. மூன்று சுட்டால் தேடுகிற அழைப்பு என்று உனக்குத் தெரியாதா? நீ ஏன் இரண்டோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டாய்? கண்ணெதிரே கையைக் காணாத பனியில் அந்த உச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இருட்டிய பிறகு ஆள் கூட்டிவர இறங்கினேன். ஆட்களோடு திரும்புவதற்குள் உன்னைப் பாதையில் கண்டெடுத்துவிட்டார்கள்.

நீ சொன்ன இடத்தில்தான் நான் நின்றேன். அங்கே நீ இல்லை. இதற்குமேல் என்னிடம் என்ன கேட்கிறாய்? நான் பொய் சொல்லி நீ கேட்டது உண்டா?

ஓரின்


ஸ்போகேன்,
செப்டம்பர் 21

என் அருமை அண்ணாவுக்கு,

உட்கார்ந்து படி.

நீ சொன்ன மாதிரியே பெரிய பொத்தான் கருவி ஒன்று வாங்கினேன். எங்கள் ஊர் வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு, தேவாலயத்துக்குப் பக்கத்து நாற்சந்தியில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தேன். எண் பொருந்தவில்லை. வரைபடத்தின்படி கருவி என்னை இரண்டு தெரு தள்ளி, யார் வீட்டுக் கோழிக்கூட்டிலோ நிறுத்தியது. இருநூறு மீட்டர் பிசகு. கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடையில் போய்ச் சண்டை போட்டேன்.

கடைக்காரப் பெண் பெவ் வரைபடத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். "அக்கா, கருவி நல்லாத்தான் இருக்கு. இந்தக் காகிதத்துல கட்டம் போட்டது 1927ல நெலத்தை அளந்த அளவை வச்சு. கருவி கம்பெனியிலேர்ந்து வர்றப்ப 1984 அளவுல இருக்கும். உள்ள போயி மாத்தணும். மாத்தாம காகிதத்து எண்ணைப் போட்டா இருநூறு மீட்டர் தெற்கே கொண்டுபோய் விட்டுரும். நம்ம வேட்டைக்காரங்க பாதிப் பேரு பண்ற கூத்துதான்" என்றாள்.

கடை என்றும் பார்க்காமல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள் அவள்.

வீட்டுக்கு வந்து நம் மலை வரைபடத்தை மேஜையில் விரித்தேன். அதுவும் 1927தான். நான் கிடந்த இடத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர் அளந்தால், நேராகப் பாறைக்கு மேலே, உச்சியில் போய் நிற்கிறது.

நீ வந்திருக்கிறாய் அண்ணா. என் தலைக்கு மேலேயே நின்று கூப்பிட்டிருக்கிறாய். மூன்றாவது குண்டைக் காற்று தின்றுவிட்டது. என் நெஞ்சிலிருந்து எவ்வளவு பெரிய கல் இறங்கியது என்று எழுதத் தெரியவில்லை. கர்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே சிரித்தேன். "ரெண்டு பேருக்கும் மண்டையில ஒரே கம்பெனி சரக்கு" என்றார்.

அவர் சித்தப்பா மகனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ கூப்பிட்டால் உன்னோடு வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

உன் தங்கை,
மார்லிஸ்


ஷோட்டோ,
செப்டம்பர் 30

அன்புத் தங்கச்சிக்கு,

தபாலாபீஸ் வாசலில் டிரக்கிலேயே உட்கார்ந்து படித்தேன். உன் அண்ணன் வயசான காலத்தில் அழுவதை ஊரே பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

உன்மேல் கோபம் என்றுதான் இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை, பயம். நீ கூப்பிட்டும் என் காதில் விழாமல் உன்னைத் தாண்டிப் போய்விட்டேனோ என்ற பயம். நீ நகர்ந்ததாக நம்பினால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. உனக்கு 'ஒப்பிட்டுப் பார்' என்று உபதேசம் எழுதிய பெரிய மனுஷன், தன் கருவியை ஒரு நாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. நன்றாகச் சிரித்துக்கொள்.

சனிக்கிழமை மலைக்குப் போனேன். கருவியில் அளவை மாற்றி, அதே எண்ணைப் போட்டு நடந்தேன். இந்தத் தடவை அது என்னைப் பாறைக்கு மேலே கூட்டிப்போகவில்லை, கீழே கொண்டுபோய் விட்டது. ஊற்றுநீர் ஓடையில் சேருகிறது. பக்கத்தில் ஒரு தேவதாரு மரம், அதில் கையெட்டும் உயரம்வரை கிளைகளையெல்லாம் யாரோ ஒடித்துத் தரையில் பரப்பிப் படுக்கை போட்டிருக்கிறார்கள். ஊசியிலையெல்லாம் காய்ந்து பழுத்துவிட்டது. நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சீசன் தொடங்குவதற்கு முந்தின நாளே வந்துவிடு. சமையல் என்னுடையது.

நீ நகரவே இல்லை, மார்லிஸ்.

உன் அண்ணன்,
ஓரின்