பனஞ்சக்கையில் எரிந்த அடுப்பு

கொழும்புத்துறை,
28.09.2024

அன்பு அத்தானுக்கு,

நானும் மகள் ஷெரோனும் நல்ல சுகம். பலெர்மோவில் நீங்களும் அப்படியே இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். போனில் கதைக்கத் தொடங்கினால் ஷெரோன் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். சாருஜா அக்கா அங்கே வருவதால் இந்தக் கடிதத்தையும், பனம்பழக் களியை வெயிலில் காயவைத்து நாங்கள் செய்த பனாட்டில் கொஞ்சத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் பனாட்டுச் சங்கத்தை மூடும் நிலை வந்ததைச் சொன்னேன் அல்லவா. பனம்பழம் பிசைந்த சக்கையும் கழுவிய தண்ணீரும் கொட்டிலுக்குப் பின்னால் புளித்து, நாற்றமும் மொய்க்கும் இலையானுமாகக் கிடந்தன. பக்கத்து வளவுக் கந்தப்பு அண்ணை முறைப்பாடு கொடுத்தார். சுகாதாரப் பரிசோதகர் வந்து, சக்கைக்கு ஒரு வழி செய்யாவிட்டால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்றார். "மூடினால் மூடட்டும், நீ பிள்ளையோடை இஞ்சை வந்திடு" என்று நீங்கள் சொன்னீர்கள்.

அப்போதுதான் உங்கள் ஒலிவ எண்ணெய் ஆலையிலிருந்து நீங்கள் அனுப்பிய வீடியோ நினைவுக்கு வந்தது. பிழிந்த ஒலிவச் சக்கையைப் பெரிய தாங்கியில் அடைத்து, அதில் வரும் காஸில் கொதிகலனை எரிக்கிறார்களே, அதைச் சங்கத்தில் காட்டினேன். மாடு வளர்க்கும் பராசக்தி அக்கா பார்த்துவிட்டு, "அவையின்ரை சக்கை எரியுமெண்டால் எங்கடை சக்கைக்கு என்ன குறை" என்றார். பழைய தண்ணீர்த் தாங்கி ஒன்றை இறுக மூடி, அடுப்புக்குக் குழாய் பூட்டி, அவர் தந்த சாணத்தோடு சக்கையைக் கரைத்து ஊற்றினோம்.

முதல் காஸ் வந்த அன்று எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். நெருப்புக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது. மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த கந்தப்பு அண்ணை, "உது பிறந்தநாள் கேக்கிலை மெழுகுதிரி அணைக்க உதவும், பிள்ளை" என்றார். எனக்கு அழுகை வந்தது, பராசக்தி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

நீங்கள் ஆலைப் பொறியாளரிடம் கேட்டுச் சொன்னதுதான் கைகொடுத்தது. ஒலிவச் சக்கையைப் போலத்தான் இதுவும், கசப்பும் புளிப்பும் கூடினால் காஸ் உண்டாக்கும் கிருமிகள் முடங்கிவிடும் என்றார் அல்லவா. சில நாட்கள் சாணம் மட்டும் ஊற்றினோம். பிறகு பிள்ளைக்குச் சோறு பழக்குகிற மாதிரிச் சிறிது சிறிதாகச் சக்கை கொடுத்தேன். சென்ற வாரம் பயந்து பயந்து குச்சியைக் காட்டினேன். நீலமாகப் பிடித்துக்கொண்டது. பராசக்தி அக்கா ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கேத்திலோடு வந்தார்.

கந்தப்பு அண்ணைக்கும் மதிலால் ஒரு தேத்தண்ணி நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். "அந்த நாத்தம் எங்கை போச்சுது?" என்று கேட்டார். "அதிலை கொதிச்ச தேத்தண்ணியைத்தான் குடிக்கிறியள், அண்ணை" என்றேன். இப்போது தாங்கியிலிருந்து வெளியேறும் கரைசலைத் தன் முருங்கைகளுக்குத் தரும்படி தினமும் வாளியோடு நிற்கிறார். பரிசோதகரும் வந்து பார்த்து, வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார்.

அத்தான், ஒரு தாங்கி போதவில்லை. குழாயில் நீர் தேங்கி அடுப்பு இடைக்கிடை அணைகிறது. அதைத் திருத்துவது உங்களுக்குப் பெரிய வேலையாக இராது. "உன்ரை மனுசன் எப்ப வாறார்?" என்று சங்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். குழாயைத் திருத்தத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "வருவார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் எடுக்கச் சொன்ன பாஸ்போட்டுக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கோபிக்க வேண்டாம்.

அங்கே ஒலிவம் பிடுங்கும் காலம் தொடங்கப் போகிறது. வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தவற விடாதீர்கள். அது முடிந்ததும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வாருங்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இப்போதே போட்டுவிட வேண்டாம். இரண்டாவது தாங்கி கட்டி முடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாதா உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் அன்பு மனைவி,
நிரோஜினி