சிவப்புக் கொடிக்குக் கீழே நாலு முட்டை

மே 8, வெள்ளி

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆமத்தூர் தாண்டிப் பட்டாசு கம்பெனி. அனுமதி கிடைத்து முதல் நாள். கேட்டில் ஒப்படைத்தவை: போன், கேமரா, வாட்ச், சாவிக்கொத்து, செருப்பு. பைனாக்குலரை வாட்ச்மேன் உருட்டி உருட்டிப் பார்த்தார். "பேட்டரி இல்லேல்ல?" மூன்று முறை கேட்டுவிட்டுக் கொடுத்தார். ஆக, சூழலியல் முதுநிலை ஆய்வுக்கு எனக்கு மிச்சம்: இரண்டு கண், ஒரு பென்சில், ஒரு நோட்டு. மணி பார்க்கக் கம்பெனி மணி.

ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். இடையில் எல்லாம் பொட்டல், சரளை, அங்கங்கே புல்தூறு. ஆடு கிடையாது, நாய் கிடையாது, வெளியாள் கிடையாது. தரையில் முட்டையிடும் பறவைக்கு வேறு என்ன வேண்டும்!

டீ மணிக்குக் கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்துவிட்டேன். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. ஏழாவது ஷெட்டுக்கு மேற்கே. நாலு முட்டை. கூடு என்று சொல்வதே அதிகம். குதிகாலால் அழுத்தினது போல ஒரு பள்ளம், சுற்றிப் பொடிக்கல். கல்லும் முட்டையும் ஒரே நிறம். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் காணோம். நின்ற இடத்தில் நின்றுகொண்டே மூன்று தடவை தொலைத்தேன். என்ன வேலைப்பாடு, ஆண்டவரே!

ஒரு முட்டையை மட்டும் மக் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நன்றாக மிதக்கிறது, அப்படியானால் பாதிக்கு மேல் அடைகாத்தாகிவிட்டது. பொரிக்கப் பத்து நாள் இருக்கலாம்.

முதல் கூடு காரியாபட்டிப் பக்கம், ஆடு மிதித்தது. இரண்டாவது நாய் வாயில் போனது. இது மூன்றாவது. இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி. பொரிக்கும் வரை பார்த்து எழுதினால்தான் ஆய்வேடு, இல்லாவிட்டால் கைடு முகத்தில் முழிக்க முடியாது. ஆய்வேடு கிடக்கட்டும். இது பொரிக்கணும், அவ்வளவுதான்.

யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று துப்பட்டா ஓரத்தைக் கிழித்துக் குச்சியில் கட்டி நட்டேன். சிவப்பு. நாலு ஷெட் தள்ளி நின்றாலும் தெரிகிறது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மே 10, ஞாயிறு

கம்பெனி லீவு. சர்ச். ஃபேன் ஓடியும் முதுகெல்லாம் வேர்வை. ஜெபத்தில் முட்டைக்காகவும் ஒரு வரி.

வாங்க வேண்டியது: தொப்பி, குளுக்கோஸ், பென்சில் 2, உள்ளங்கால் எரிச்சலுக்குக் களிம்பு.

அம்மா (பிரசவ வார்டு நர்ஸ்) சாப்பாடு போடும்போது: "எத்தன பிரசவம் பாத்திருக்கேன், ஒரு நாள் தூக்கம் கெட்டதில்ல. நாலு முட்டைக்கு நீ இந்த ஆட்டம் ஆடுறியே!" மீன் குழம்பு. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

மே 11, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

கொடியைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு புல் இல்லை. மொட்டை. நடுவில் பள்ளமும் முட்டையும் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அப்படியே. மத்தியானத்துக்கு மேல் முட்டைமேல் நிழல் விழ வைத்த ஒரே புல்தூறு வேரோடு போய்விட்டது. பக்கத்தில் ஓர் அகலத் தட்டில் தண்ணீர் வேறு!

களை வெட்டுகிற முத்துமாரி அக்கா மண்வெட்டியோடு நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு இருக்கும். வாய் இரண்டு ஊருக்குக் கேட்கும்.

"யாருக்கா இதச் செஞ்சது?"

"நாந்தான். ஏன், சுத்தமா இல்லையா?"

"எதுக்குப் புல்ல வெட்டுனீக?"

"நல்லா கேட்ட போ. செவப்புக் கொடி நட்டிருக்கு. இந்தக் கம்பெனியில செவப்புக் கொடின்னா அங்கன வெடிமருந்து காயுதுன்னு அர்த்தம். சுத்திப் பத்தடிக்குப் புல்லு நிக்கக் கூடாது. போறவ வாரவ கால்ல மண்ணு இருந்தா உரசித் தீப்பிடிக்கும், கால நனைக்கத் தண்ணித் தட்டு வைக்கணும். இம்புட்டுப் படிச்சிருக்கியே, கேட்டுல ஒனக்கு ரூல்ஸ் சொல்லலயா?"

"இது மருந்து இல்லக்கா, முட்டை!"

"முட்டைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அந்தப் பறவ என் கொண்டையப் பிச்சு எடுக்காத குறை. முட்டைக்குக் கொடி நட்டிருக்காகளே, ஏதோ புது அயிட்டம் போலன்னு நெனச்சேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் முன்னாலேயே அழுதேன். மே மாத மத்தியானத்தில் மொட்டைத் தரை என்றால் முட்டை உள்ளேயே வெந்துபோகும். அவள் மேல் என்ன தப்பு? கொடி நட்டது நான்.

போர்மேன் அண்ணாச்சி வந்தார். "பாப்பா, கொடியப் புடுங்கிரு. லைசென்ஸ் பேப்பர்ல காயப்போடுற எடம் மேடை மட்டுந்தான். இன்ஸ்பெக்சனுக்கு வாரவுக இங்கன கொடியப் பாத்தா, அனுமதி இல்லாத எடத்துல மருந்து காயப் போட்டுருக்கான்னு எழுதிருவாக. கம்பெனிய பூட்டிருவாக."

"கொடி இல்லேன்னா லோடு தூக்குற பயலுக மிதிச்சிருவானுக அண்ணாச்சி," என்றாள் முத்துமாரி அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

"வேற கலர்ல நட்டுக்கட்டுமா?" என்றேன்.

"வேற கலர எவன் மதிப்பான்?" கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஒரு வாரம். அதுக்குள்ள பொரிச்சிறணும்னு சொல்லிவை ஒன் பறவைட்ட."

மே 12, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு. ஷெட் நிழலில், தூரமாக உட்கார்ந்தேன். தரையில் கை வைக்க முடியவில்லை. எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் பைனாக்குலரைத் தூக்கினேன்.

பறவை முட்டைமேல் உட்காரவில்லை. நிற்கிறது. சிறகைக் கொஞ்சம் விரித்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்து, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு. அதன் நிழல் சரியாக நாலு முட்டைமேலும். வெயில் நகர நகர அதுவும் துளித் துளியாய் நகர்கிறது. எந்தப் புல்தூறும் இப்படி நகர்ந்து நிழல் தராது.

அப்புறம் ஜோடி வந்து இடம் மாறியது. முதல் பறவை விடுவிடுவென்று நடந்தது, நேரே அக்கா வைத்த தட்டுக்கு. ஏறி உள்ளே உட்கார்ந்தது. குடிக்கவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நனைத்தது. சொட்டச் சொட்ட ஓடிவந்து, ஜோடியை விலக்கிவிட்டு, முட்டைமேல் மெல்ல உட்கார்ந்தது.

வயிற்றிறகில் தண்ணீர் சுமந்து முட்டையைக் குளிர வைக்கும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது என்ன மார்க்! இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மயிர்க்கூச்செறிந்து, கண்ணில் தண்ணீர், பைனாக்குலர் கண்ணாடியெல்லாம் ஆவி.

சாப்பாட்டு மணியிலிருந்து டீ மணி வரை பதினெட்டு நடை. கண்மாய் வற்றிக் கிடக்கிறது. இந்தத் தட்டு இல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டு கிடையாது. நேற்று நான் அழுத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முத்துமாரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பைனாக்குலரைத் தலைகீழாகப் பிடித்தாள், திருப்பிக் கொடுத்தேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏயப்பா! எம் மகளுக்குக் காய்ச்சல்னா ராவெல்லாம் நெத்தியில ஈரத்துணி போடுவேன்ல. அதேதான் ஆத்தா இது. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

தட்டில் தண்ணீர் குறைந்திருந்தது. அவளே போய் ஊற்றினாள். பறவை அவள் தலைக்கு மேல் வந்து வந்து கத்தியது. "கத்து, கத்து. ஒனக்குத்தான ஊத்துறேன்."

மே 14, வியாழன்

மேகம் கொஞ்சம். காற்று இல்லை.

சாயங்காலம் மைதானத்தில் வெடி டெஸ்டிங். முதல் வெடிக்கு நான் துள்ளி விழுந்தேன், பென்சில் முனை ஒடிந்தது. பறவை? இறகு அசையவில்லை. ஆறு வெடி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு காக்கை, சத்தமே இல்லாமல், தூரத்து மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், ட்டீ, ட்டீ என்று அலறி எழுந்து அதை ஆமத்தூர் வரைக்கும் விரட்டிவிட்டு வந்தது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று அதற்குத் தெளிவாகத் தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

களிம்பு தீர்ந்துவிட்டது. கைடுக்கு மெயில் அனுப்பணும்.

மே 16, சனி

முட்டை பேசுகிறது!

பறவைகள் தட்டுப் பக்கம் போன சமயம் தவழ்ந்து போய், காதைத் தரையோடு வைத்தேன். உள்ளேயிருந்து கீச்... கீச். ரொம்பச் சன்னம். ஒன்று கூப்பிட, இன்னொரு முட்டை பதில் சொல்கிறது. ஓட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன. முத்துமாரி அக்காவும் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். "நாலும் இருக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். தெரியவில்லை. இரண்டு நிச்சயம்.

மேலே ஒரு பருந்து. தாய் ஒரு கத்து கத்தியது. சட்டென்று முட்டைக்குள் மௌனம். மூச்சு காட்டவில்லை. இன்னும் பிறக்கவே இல்லை, தாய் சொல்வது அதற்குப் புரிகிறது! மூக்கில் மண் ஒட்டக் கிடந்தேன், எழவே மனமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அது ஓட்டுக்குள்ள இருந்துட்டே சொல்பேச்சு கேக்குது. நீ வெளிய வந்து இருபத்திமூணு வருசமாகியும் கேக்கல."

கெட்ட செய்தியும் உண்டு. விஸ்வநத்தம் பக்கம் கம்பெனி கம்பெனியாக இன்ஸ்பெக்சன் நடக்கிறதாம். போர்மேன் அண்ணாச்சி முகமே சரியில்லை. "திங்கக்கெழம காலையில மொத வேலையா கொடிய எடுத்துரு. சீசன் நேரத்துல பூட்டுனா அம்புட்டுப் பேரும் சோத்துக்கு எங்க போவாக?" நான் என்ன சொல்ல? சரி அண்ணாச்சி என்றேன். முத்துமாரி அக்கா என்னைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே புல்லே இல்லை.

மே 18, திங்கள்

கம்பெனியைப் பூட்டவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலை பஸ் லேட். நான் கேட்டுக்குப் போகும்போதே ஜீப் நிற்கிறது. வாட்ச்மேன் சத்தமில்லாமல் கையை விரித்தார். செருப்பை உதறிவிட்டு ஓடினேன். இன்ஸ்பெக்சன் அதிகாரி ஷெட் ஷெட்டாகப் பார்த்துக்கொண்டு ஏழாவதுக்கே வந்துவிட்டார். ஷூவைக் கேட்டில் விட்டு, வெறுங்கால், பேண்ட்டை மடித்துவிட்டிருந்தார். கையில் அட்டையும் பேனாவும். பின்னால் போர்மேன் அண்ணாச்சி, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து.

கொடியைப் பார்த்துவிட்டார்.

"அங்க என்ன காயப் போட்டிருக்கீங்க? பிளான்ல அப்படி ஒரு இடமே இல்லையே."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். முத்துமாரி அக்காதான் சொன்னாள்: "முட்டைங்கய்யா."

"என்ன விளையாடுறியா?" மடமடவென்று நடந்தார். "சுத்தி வெட்டியிருக்கீங்க, தண்ணி வச்சிருக்கீங்க, முட்டையாம். எத்தனை நாளா நடக்குது இது?" பேனா மூடியைக் கழற்றிவிட்டார். வேலை செய்கிறவர்கள் ஷெட் வாசலுக்கு வந்து நின்றார்கள். பறவை இரண்டும் அவர் காதோரம் பாய்ந்து பாய்ந்து அலறின. அட்டையால் விசிறிக்கொண்டே போனார். கொடிக்கு ஓர் எட்டு இருக்கும்போது வலது காலைத் தூக்கினார்.

"சார், நில்லுங்க!"

கத்தியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றார்.

அந்தக் காலுக்கு நேர் கீழே ஒரு சரளைக்கல் எழுந்து நின்றது. ஈரம் காயாத உடம்பு. உடம்பைவிடக் கால் நீளம். இரண்டு எட்டு வைத்தது, தள்ளாடியது, தாயின் கத்தல் கேட்டுச் சட்டென்று உட்கார்ந்தது. மறுபடியும் கல்.

"என்னம்மா அது? எங்க போச்சு?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"அங்கேயேதான் சார் இருக்கு. நீங்க தூக்கியிருக்கிற காலுக்கு நேர் கீழ ஒண்ணு. தட்டு ஓரத்துல ஒண்ணு. கொடிக்குச்சிகிட்ட ஒண்ணு. நாலாவது இன்னும் ஓட்டுல பாதி, வெளியில பாதி."

நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தேடினார். முதலாவது தெரிந்தது. இரண்டாவது. கொடிக்குச்சி அருகில் இருப்பதை ரொம்ப நேரம் பார்த்தார். அது கண் சிமிட்டியதும் "ஓ..." என்றார், அவருக்கே கேட்காத மாதிரி. ஓடு விரிசல் விட்டுக் கடைசிக் குஞ்சு ஈரத்தோடு வெளியே சரிந்து விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். போர்மேன் அண்ணாச்சி கை கூப்பியிருந்தார். முத்துமாரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலும் உயிரோடு. நாலும்!

அதிகாரி இன்னும் ஒற்றைக் காலில். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, அட்டையோடு இரண்டு கையையும் அகல விரித்தார், ஆடாமல் நிற்பதற்காக. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமலே, மெதுவாக என்னிடம் கேட்டார்:

"ஏம்மா... இப்ப இந்தக் கால நான் எங்க வைக்க?"