நரிமுகச் சாமியும் நானும்

ஜூலை 7, திங்கள்
மகளின் மூன்றாம் வகுப்பு டீச்சர் என் தராசு ரிப்பேர் கடைக்குப் போன் செய்தார். "எகிப்து பாடம் நடத்தறேன் சார். செத்தவங்க இதயத்தை இறகோட வச்சு எடை போடுவாங்கன்னு நம்பினாங்களாம். பசங்களுக்கு நிஜத் தராசு காட்டணும். கொண்டு வர்றீங்களா?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை 'சார்' என்றதும் தலைகால் புரியவில்லை. சரி என்றுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்
மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அப்பா வர வேணாம்மா. அவரு இன்ஜினியர்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

மனைவி சிரித்தாள். "வாயை மட்டும் திறக்காதீங்க, இன்ஜினியர் சார்."

நானும் சிரித்தேன். டீச்சருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே... பேசாமல் போய், பேசாமல் வந்துவிட வேண்டியதுதான்.

ஜூலை 10, வியாழன்
தராசைத் தூக்கிக்கொண்டு மகளின் வகுப்புக்குப் போனேன்.

சுவரில் பழைய எகிப்து ஓவியம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். நடுவில் தராசு. நரிமுகச் சாமி ஒன்று மண்டியிட்டு, தூக்குக்குண்டு நேராகத் தொங்குகிறதா என்று பார்க்கிறது. மூவாயிரம் வருஷம் முந்தியே என் வேலை! அதுவும் ஒரு சாமிக்கு! மம்மி செய்யும்போது மூளையை மூக்கு வழியாக உருவி எறிந்துவிட்டு, இதயத்தைப் பத்திரமாக விட்டுவைப்பார்களாம். என் விஷயத்தில் பாதி வேலை மிச்சம்.

பிள்ளைகள் களிமண்ணில் இதயம் செய்திருந்தார்கள். இறகுத் தட்டின் அடியில் கொஞ்சம் மெழுகு ஒட்டி ஏமாற்றியிருக்கலாம். தொழில்புத்தி விடுமா? அரிசிமணிக்கு அசைகிற மாதிரி சரிசெய்து கொண்டுபோயிருந்தேன். வைத்த இதயமெல்லாம் தொப்பென்று இறங்கின. கனமான இதயத்தை முதலைமுகப் பூதம் தின்றுவிடும் என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒரு பிள்ளை அழுதேவிட்டது.

"இன்ஜினியர் அங்கிள், தராசுதானே தப்பு?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. வாய் வரவில்லை. "தராசு சரியாத்தான் இருக்கு கண்ணு."

ஒரு குட்டி எழுந்து வந்தது. "நான் அவ ரப்பரை எடுத்துட்டேன்." தன் இதயத்திலிருந்து மண்ணைக் கிள்ளிப் போட்டது. அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். அடித்தது, பொய் சொன்னது, பாலைக் கொட்டியது... கடைசியில் என் மகள்.

"எங்கப்பா இன்ஜினியர் இல்ல. தராசு ரிப்பேர் பண்றவரு."

பாதி இதயத்தைப் பிய்த்துவிட்டாள். நான் குனிந்து தராசுத் தட்டைத் துடைத்தேன்.

முன்வரிசைப் பெண் படத்தைக் காட்டினாள். "அடேயப்பா... அந்தச் சாமி பண்ற வேலையா?"

ஜூலை 14, திங்கள்
பள்ளி விட்டதும் மகள் நாலு பேரைக் கடைக்கு இழுத்து வந்துவிட்டாள். "ஏய், கை வைக்காதீங்கடி! எங்கப்பா இப்பதான் சரி பண்ணியிருக்காரு."

வேலை ஒன்றும் ஓடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.