திரு இருதயப் படத்துச் சிவப்பு பல்பு

பிப்ரவரி 2, ஞாயிறு
குளியலறை ஜன்னலில் கறுப்பு ரெக்சின், கதவிடுக்கில் பெட்ஷீட். கவிழ்த்த வாளிமேல் பலகை, அதன்மேல் மூன்று தட்டு. வாடகை வீட்டில் போட்டோ கழுவும் டார்க்ரூம் தயார். சிவப்பு பல்புதான் விராலிமலையில் கிடைக்கவில்லை. வீட்டுக்கார ஜெபமாலையம்மாள் தன் வீட்டு இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன் எரிந்ததையே கழற்றித் தந்தார். "ஆண்டவரு கொஞ்ச நா இருட்டுல இருப்பாரு. கொண்டு போங்க சார்."

பிப்ரவரி 5, புதன்
அந்தம்மாள் ஒரு கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் கொண்டுவந்தார். மகன் ராபின் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று எடுத்தது. அந்த வாரமே கணவர் ஞானராஜ் இறந்துவிட்டார். "நாங்க மூணு பேரும் நின்ன படம் இது ஒண்ணுதான் சார். கழுவணும்னு எடுப்பேன், ராபின் அப்பறம் பாக்கலாம்னுருவான். முப்பது வருசமாச்சு."

பிப்ரவரி 8, சனி
கெடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 9
எழுதித்தான் ஆக வேண்டும். ரோலைக் கழுவும் டப்பாவின் சுருளில் ஏற்றக் கும்மிருட்டு வேண்டும். சிவப்பு வெளிச்சம் போட்டோத் தாளுக்குத்தான் ஆகும், ரோலுக்கு ஆகாது. தெரியும் எனக்கு! மூன்று தடவை வழுக்கியது. வேர்வை, எரிச்சல் – ஒரு நிமிசந்தானே என்று பல்பைப் போட்டேன். கழுவி எடுத்தால் முழுக்கக் கறுப்பு. மடப்பயலே, என்னடா அவசரம் ஒனக்கு?

"முன்னாடியே வெளிச்சம் பட்டிருக்கும்மா" என்று அவரிடம் சொன்னேன். வாய் கூசவில்லை.

பிப்ரவரி 11
ஜெபமாலையம்மாள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. திருப்பூரில் இருக்கும் ராபினுக்குப் போன். "சின்னதுல கேமராவத் தொறந்து நோண்டுனியே, நீதாண்டா ஒங்கப்பா மொகத்த அழிச்சுப்புட்ட!" பிறகு அழுகை.

நான் சாப்பிடவில்லை. அவன் என்ன பாவம் செய்தான்?

பிப்ரவரி 12
அவர் வாசல்வரை போய்த் திரும்பினேன். கோழை.

பிப்ரவரி 13
சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. ராபினுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "அவங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அவன் சொன்னான்: "அப்பா செத்த மறுநா கேமராவத் தொறந்தேன் சார். நாந்தான் கெடுத்துட்டேன்னு பயந்துதான் கழுவவே விடல. வீட்டுக்கே வர்றதில்ல." ஓரத்தில் ஒன்றிரண்டு படம் வேண்டுமானால் போயிருக்கும், மீதி மொத்தமும் நான்தான் என்றேன். அழுதான். என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
ரெக்சினைக் கிழித்துப் போட்டேன். பல்பைத் துடைத்துக் கொண்டுபோனேன். ஜெபமாலையம்மாள் வாங்கிக்கொண்டார். வழக்கமாகச் சொல்லும் "உள்ள வாங்க சார்" இல்லை. உள்ளே ராபின் வந்திருந்தான். முக்காலிமேல் ஏறி அவன்தான் பல்பை மாட்டினான். அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.