மயிலாவின் காலால் அறுபத்திரண்டு

புடாபெஸ்ட், ஹங்கேரி
5.1.1986

மதிப்பிற்குரிய மயிலம்மாள் அவர்களுக்கு,

ராசாத்தி எழுதுவது. நான் நலம். தாங்களும் தங்கள் வீட்டுக்காரர் மருதாசலம் அவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திருச்செங்கோட்டு விலாசத்தை என் அம்மா மாரக்காளிடம் கேட்டு வாங்கினேன். உங்கள் அப்பா தோட்டத்தில் இன்னும் அவள்தான் களை எடுக்கிறாள்.

நாலு வருஷம் வாய் திறக்காதவள் இப்போது காரியமாகத்தான் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரியமாகத்தான் எழுதுகிறேன்.

இந்திய முகாமிலிருந்து எங்கள் மூன்று பேரை இரண்டரை மாதப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். வெளியே முழங்கால் அளவு பனி கிடப்பதால் ஓட்டம், தாண்டல் எல்லாமே கூரைக்குள் நடக்கின்றன. பிப்ரவரி ஒன்றாம் தேதி ஒரு சின்னப் போட்டி. இருபத்திமூன்றாம் தேதி ஆறு நாட்டுப் பெண்கள் கலந்துகொள்ளும் பெரிய போட்டி. அதில் நான் உயரம் தாண்டுதலில் ஒரு மீட்டர் எழுபது தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இதுவரை நான் தாண்டிய அதிக உயரம் ஒன்று அறுபத்தெட்டு.

இந்த நேரம் பார்த்து என் அளவு தொலைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நீங்கள்தானே எனக்கு அளந்து கொடுப்பீர்கள்? குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டி வைத்து, கம்பிலிருந்து பின்னால் அறுபத்திரண்டு, பக்கவாட்டில் பதினாலு. அந்த இடத்தில் நின்று ஓடி வந்தால்தான் எனக்குக் கால் சரியாக ஊன்றும். அதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பன்னிரண்டு வருஷம் கூடவே வைத்திருந்தேன். பாட்டியாலா முகாமில் யாரோ அதைத் துணி காயப்போட மூன்றாக வெட்டிக் கட்டிவிட்டார்கள். "மீட்டரில் எவ்வளவு?" என்று பயிற்சியாளர் கேட்டார். மயிலம்மாள் காலால் அறுபத்திரண்டு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உங்கள் வலது காலைத் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆண்டி மகள் ராசாத்தி


திருச்செங்கோடு
18.1.1986

அடி ராசாத்தி,

மதிப்பிற்குரியவளாம், அவர்களாம், தங்களாம்! இரண்டு முறை உறையைத் திருப்பிப் பார்த்தேன், தாசில்தார் யாருக்காவது எழுதியது என்னிடம் வந்துவிட்டதோ என்று. வேறு எதுவும் எழுத வேண்டியதில்லையாம். நீ வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவேனா? இத்தனை நாள் உனக்கு எழுதாதது என் தப்பு. அதற்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி, கோபத்தில் பாதி. என் கால் மட்டும் வேண்டும், நான் வேண்டாம், அப்படித்தானே?

எங்கள் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ராஜஸ்தானில் இருக்கிறார். அறுநூறு அடி போட்டும் புழுதிதான் பறக்கிறதாம். நீ ஒன்று எழுபதுக்கு இந்தப் பாடுபடுகிறாய் என்று எழுதியிருக்கிறேன். சிரிக்க மாட்டார், நல்ல மனுஷர். உன்னைப் பற்றி நான் பேசாத நாளில்லை. நாம் கடலைக்கொடிப் போரின் மேல் முதுகைக் காட்டி விழுந்து பழகியதையும், போர் கலைந்துவிட்டதென்று என் அப்பா குச்சியை எடுத்துக்கொண்டு வந்ததையும் கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கூரைக்குள் தாண்டுகிறாயாமே, தலை இடிக்காதா? எவ்வளவு பெரிய கூரை? எல்லாம் விவரமாக எழுது.

காலை வரைந்து வைத்திருக்கிறேன். எனக்கு முதுகுப் பிடிப்பு, குனிய முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சென்னம்மாளக்காதான் கோடு போட்டார். கூசுகிறது என்று நான் சிரித்ததில் சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் நெளிந்திருக்கும். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

தாண்டிவிடுவாய். எனக்குத் தெரியும்.

என்றும் உன்,
மயிலா


புடாபெஸ்ட்
3.2.1986

மயிலா,

உன் காலை நம்பி மோசம் போனேன்.

தாளை வெட்டி அட்டையில் ஒட்டி, தரையில் மண்டியிட்டு, அறுபத்திரண்டு முறை எடுத்து எடுத்து வைத்து அளந்தேன். அரங்கமே வேடிக்கை பார்த்தது. ஒரு ருமேனியாக்காரப் பெண் வந்து நானும் உதவட்டுமா என்று சைகையில் கேட்டாள். வெள்ளை ஒட்டுத்தாளைக் கிழித்து அடையாளம் வைத்தேன். அத்தனையும் செய்து, சனிக்கிழமைப் போட்டியில் ஒன்று அறுபதைக்கூடத் தாண்டவில்லை. மூன்று தடவையும் கம்புக்குத் தூரத்திலேயே எழும்பிவிட்டேன். மேலே போய்விட்டு இறங்கும்போது கம்பின் மேலேயே விழுந்தேன். சேலம் மாவட்டப் போட்டியில் பாவாடையோடு தாண்டியபோதுகூட இவ்வளவு கேவலமாக விழுந்ததில்லை.

நீ கேட்டாயே, கூரை உயரம்தான். தலை இடிக்காது. ஆனால் தாண்டுகிற இடத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டித்தான் நான் ஓடி வர வேண்டும். ஓட்டக்காரிகள் போகும்வரை காத்து நிற்க வேண்டும். அங்கே நாம் செம்மறியாட்டு மந்தை போகட்டும் என்று நிற்போமே, அதே மாதிரிதான். அந்த ஒரு நேரத்தில் மட்டும் எனக்கு இங்கே ஊர் ஞாபகம் வந்து சிரிப்பு வருகிறது.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. வேண்டுமென்றே தப்பாகப் போட்டு அனுப்பினாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ராத்திரி அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால் உன் கால் மாதிரியே இல்லை. கால் அங்குலமாவது கூடுதல். கால் அங்குலம் அறுபத்திரண்டு தரம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு முழம். அந்த ஒரு முழம்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

இருபத்தேழு வயதில் யாருக்கடி கால் வளரும்? என் தம்பி பச்சமுத்து வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கால் வீங்கி மெட்டி ஏறவில்லை. முதுகுப் பிடிப்பாம், குனிய முடியவில்லையாம். என்னிடம் ஏன் மறைத்தாய்? அவ்வளவு அன்னியமாகப் போய்விட்டேனா?

நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன், கேள். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், நான் வந்தேன். மெட்ராஸ் போட்டியில் மெடல் வாங்கிய கையோடு, ராத்திரி பஸ் ஏறி, காலில் போட்டிக்குப் போட்ட அதே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு உன் தெருவுக்குள் நுழைந்தேன். பந்தல் ஓரத்தில் உன் அப்பா நின்றார். "ஏம்புள்ள, நம்ம தெருவுல செருப்போட வாரே? கழட்டிக் கையில புடி" என்றார். சின்ன வயதிலிருந்து கையில் பிடித்துக்கொண்டு நடந்த தெருதான். அன்றைக்கு என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பளு தூக்காதே.

ராசாத்தி


புளியம்பாளையம், சேந்தமங்கலம் வழி
14.2.1986

என் ராசாத்தி,

ஏழு மாதம். உனக்கு மட்டும் இல்லை, வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. இதற்கு முன் இரண்டு முறை எல்லோரிடமும் சொன்னேன், இரண்டு முறையும் நிலைக்கவில்லை. அந்தப் பயத்தில் இந்தத் தடவை என் வாயை நானே கட்டிப்போட்டுவிட்டேன். நீ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து என் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய். டாக்டர் அம்மா நன்றாக இருக்கிறது என்கிறார். முந்தாநாள் ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்து ஆக்கி, என்னை அப்பா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பிரசவம்வரை இங்கேதான் இருப்பேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ வந்தது எனக்குத் தெரியும். மணவறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஷூ தெரிந்தது, நீ திரும்பியது தெரிந்தது. எழுந்து வந்து கூப்பிட்டிருக்கலாம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தே இருந்தேன். வராதவள் நீ என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்.

இன்னொரு பொய்யும் உண்டு. கிணற்று மோட்டார் ரூமுக்குச் சிமெண்டுத் தரை போட்ட அன்று, ஈரத்தில் நான் வலது காலைப் பதித்தேன், நீ பக்கத்திலேயே இடது காலைப் பதித்தாய். நமக்குப் பதினைந்து வயது. மறுநாள் உன் கால் அங்கே இல்லை. கோழி மிதித்துவிட்டது, கொத்தனார் பூசிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். கோழி எதுவும் மிதிக்கவில்லை. உன்னுடையதை மட்டும் தேய்த்துவிடச் சொன்னது அப்பா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் பேசவில்லை.

என்னுடையது இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். பதினைந்து வயதுக் கால், வீக்கம் கிடையாது. உனக்கு அளந்த கால் அதுதான். குனிய முடியாததால் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏனுங் அம்மணி, எம்புள்ள எங்கியோ குதிக்கறதுக்கு உங்க காலு எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே, பள்ளத்தின் மேல் தாளை விரித்துக் கரிக்கட்டையால் தேய்த்து எடுத்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகக் கூட்டிப் போய், ஆசாரக் கூடத்தில் என் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றாகச் சாப்பிட்டோம். அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். ஆனாலும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்பாவிடமும் பேசினேன். கிணறு வற்றியதால் எங்கள் வீட்டுக்காரர் இங்கே போர் போட்டுக் கொடுத்திருக்கிறார், அதற்குப் புது மோட்டார் ரூம் கட்டுகிறோம். "இந்த வாட்டி தரையில ரெண்டு பேரு காலுங்கப்பா. ராசாத்தி காலு அழியாது. அவ செருப்போடதான் நம்ம தெருவுல வருவா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்று காலை கொத்தனாரிடம், தரை வேலையை மயிலாகிட்டக் கேட்டுச் செய்யப்பா என்று சொன்னாராம்.

உன் காலையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அதை வைத்துப் பதித்துவிடுகிறேன். கோபம் தீர்ந்ததா? இருபத்திமூன்றாம் தேதிக்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டுமே என்று கிடந்து தவிக்கிறேன்.

உன் மயிலா


புடாபெஸ்ட்
26.2.1986

என் அன்பு மயிலா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. போட்டி ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

பதறாதே, மெதுவாக உட்கார்ந்து படி. இருபது நாள் நான் சும்மா இருக்கவில்லை. இனி யார் காலை எதிர்பார்ப்பது என்று ஷூவைக் கழற்றிவிட்டு என் காலாலேயே அளக்க ஆரம்பித்தேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தேழில் நின்று ஓடி வந்தபோது கால் தானாக ஊன்றியது. நாம் பள்ளிக்கூடத்தில் கண்ட அதே இடம். உன் காலில் அறுபத்திரண்டு, என் காலில் ஐம்பத்தேழு. இத்தனை வருஷம் இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒன்று எழுபதில் முதல் தடவை குதிகால் தட்டியது. இரண்டாவது தடவை ஓட்டக்காரி ஒருத்தி குறுக்கே வந்து நான் பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, பதற்றத்தில் தட்டிவிட்டேன். மூன்றாவது தடவை மெத்தையில் விழுந்து அண்ணாந்து பார்க்கிறேன், கம்பு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடுகிறது, ஆடுகிறது, விழவில்லை! அந்த ருமேனியாக்காரி என்னைவிட அதிகமாகக் கத்தினாள். நான் மெத்தையிலேயே கிடந்து அழுதேன். அடுத்த ஒன்று எழுபத்திமூன்று தட்டிவிட்டது. ஒன்பது பேரில் ஏழாவது இடம். முன்னால் வந்தவர்கள் நான் முடித்த இடத்தில்தான் தொடங்கினார்கள். அதனால் என்ன, அணியில் என் பெயர் இருக்கிறது.

கோபம் தீர்ந்ததா என்று கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன், பாதிதான் தீர்ந்திருக்கிறது. மீதியை நேரில் உன்னைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன். அம்மாவும் நீயும் சாப்பிட்டதைப் படித்துவிட்டு இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. கரிக்கட்டையால் எடுத்த காலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி அளக்க வேண்டாம், இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

என் காலை வரைந்து அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன். மார்ச் இருபத்தெட்டாம் தேதி சேலத்தில் இறங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை சிமெண்டு கலக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவை. தெரு முழுக்க ஷூவோடுதான் நடந்து வருவேன். மோட்டார் ரூம் வாசலுக்கு வந்ததும், அந்தச் சிமெண்டுக்காக மட்டும் நானே கழற்றுகிறேன்.

உன்,
ராசாத்தி