விருந்தாளி அறைப் பலகை

காத்தான்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஸாஜித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்த வெயிலில் உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்க வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ சலாம் சொன்னதுமே சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன். லீவில் வந்த ஹமீட் வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், உம்மா இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

நவம்பர் மழையில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் மூன்று நாள் நின்றது உனக்குத் தெரியும். தங்கச்சி நிஸ்றாவின் கல்யாணத்துக்கு முந்திய லீவில், சுவரும் நிலமும் சேரும் இடத்தில் நீ சுற்றிவர அடித்த பலகைகள் ஊதிப் பிளந்து, வார்னிஷ் தோல் தோலாக உரிந்துவிட்டது. நிஸ்றாவின் பிள்ளை தவழத் தொடங்கி, அதைப் பிய்த்து வாயில் போடுகிறாள். மருமகன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டைல்ஸ் ஒட்டுவோம் என்றார், நிஸ்றா கேட்கவில்லை, என்ட கூடப்பிறந்த காக்கா அடிச்ச பலகை, பலகையாத்தான் இருக்கணும் என்று நின்றாள். அதனால் மர வேலைக்கு ரிஸ்கான் ஓடாவியைக் கூப்பிட்டேன். உக்கியதற்குப் பதிலாகப் புதிய வேப்பம் பலகை, நல்லதை நிழலில் காயவைத்துத் தேய்த்து மறுபடி வார்னிஷ். தேய்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன், சேன்ட் பேப்பர் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் எரிகிறது, உம்மா தேங்காயெண்ணெய் பூசிவிட்டு ஏசுகிறாள்.

கழற்றிய பலகைகளின் பின்பக்கம், எது எங்கே வரும் என்று நீ பென்சிலால் எழுதியிருந்தாய். உம்மா அறை, கதவுப் பக்கம். நிஸ்றா அறை, யன்னலுக்குக் கீழே. இப்பிடி எழுதி வெச்சாத்தான் மூலை மாறாது என்று ஓடாவி உன்னைப் பாராட்டினான், எனக்கும் பெருமையாக இருந்தது. கடைசியாக நீ படுக்கும் பின்னறைப் பலகையைக் கழற்றித் திருப்பினான். விருந்தாளி அறை என்று எழுதியிருந்தது. ஆரு விருந்தாளி என்று ஓடாவி கேட்டான். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. நீ ஏழு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டை நிஸ்றாவின் பெயரில் எழுதினோம், நீ முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த லீவுக்கு வந்த முதல் நாள், சட்டை கொழுவ நீ ஒரு ஆணி அடிக்கப் போனாய். இது தங்கச்சிட வீடு மகன், நீ இஞ்ச விருந்தாளி, கண்ட இடத்தில ஆணி அடிக்காத என்று, மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போது சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உன் சட்டை பெட்டிக்குள்ளேயே இருந்ததை நான் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். போன வருடம் லீவு கிடைக்கவில்லை என்றாய், இந்த வருடமும் வரவில்லை என்று உம்மாவிடம் சொன்னாயாம். டிக்கெட் விலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன் மகன், ஆனாலும் பிழை என்னுடையது.

அந்தப் பலகை அடிப்பக்கம் உக்கிப்போயிருந்தது, புதிது வெட்டினோம். வீட்டுக்காரி அவள் என்பதால், இதில் உன் பெயரை எழுதலாமா என்று நிஸ்றாவிடம் கேட்டேன். இத என்னத்துக்கு வாப்பா என்னட்டக் கேக்கிறீங்க, அது எப்பயும் காக்காட அறைதானே என்றாள். ஓடாவியின் பென்சிலை வாங்கிப் புதுப் பலகையின் பின்பக்கம் ஸாஜித் அறை என்று எழுதினேன். எழுத்து கோணல்தான். அதைச் சுவரோடு சேர்த்து அடித்தாயிற்று, இனி யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. உம்மாவுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது, கவலைப்படாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மன நிம்மதியும் தருவானாக. லீவுக்கு எழுதிக் கொடுக்கும் நாள் தவறிவிடக் கூடாது. உன் அறைச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், நானே ஒரு ஆணி அடித்திருக்கிறேன். இரண்டு ஆணி வளைந்து மூன்றாவதுதான் இறங்கியது. உம்மா துவாயைக் கொழுவப் பார்த்தாள், விடவில்லை. அது உன் சட்டைக்கு.

இப்படிக்கு,
உன் வாப்பா
உசனார்