அஸ்பியா குனிகிறாள்

நிந்தவூர்
ஜூன் 3

அன்பின் சரீப் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் பிடிவாதத்தால்தான் உங்கள் மகளின் மூளை கெட்டுக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால் லீவு முடிந்து உங்களிடம் தோஹா திரும்பும் முனாபிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

உம்மா சுகம். வயலுக்கு இரண்டாம் பசளை எறிந்தாயிற்று. இனி விஷயம்.

அந்த வீடியோ. பாலமுனையில் மதினி வீட்டில், தூங்கி எழுந்த அஸ்பியா திடீரென்று கைகளை முன்னால் நீட்டித் தலை குனிகிறாள். நிமிர்கிறாள், மறுபடி குனிகிறாள். "இஞ்ச பாருங்க, வாப்பாவுக்கு ஸலாம் சொல்றா" என்று பின்னால் சிரிப்பு. நீங்கள் அதை உங்கள் அறைக்காரர்களுக்கெல்லாம் காட்டினீர்கள். குடும்பக் குழுமத்தில் அறுபது பேர் மாஷா அல்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

பிறகொரு நாள் அங்கே போயிருந்தபோது நேரில் பார்த்தேன். ஒவ்வொரு குனிவும் முடிய அவள் அழுதாள். ஸலாம் சொல்கிற பிள்ளை ஏன் அழ வேண்டும்?

உங்களைக் கேட்காமல் பிள்ளையைத் தரமாட்டோம் என்றார்கள். போனை மட்டும் கொண்டுபோய் கிளினிக் வரிசையில் நின்றேன். "புள்ள எங்க?" என்று தாதி கேட்டார். "போனுக்குள்ள" என்றேன். "பகிடிக்கு இதுவா இடம்?" என்று ஏசினார். டொக்டர் ஏசவில்லை. வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். "புள்ள சிரிக்கிறாவா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய வீடியோக்களைத் தேடினேன். நோன்புப் பெருநாளன்று உம்மாவின் வளையலைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு ஒன்றிலும் சிரிப்பு இல்லை. நாமெல்லாம் குனிவதைப் பார்த்தோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

டொக்டரிடம் திரும்பப் போய் இதைச் சொன்னேன். அது வலிப்பு, காக்கா. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை.

இதைக் குழுமத்தில் எழுதியதற்குத்தான் என்னைத் தடுத்தீர்கள். "பழகப் பழகத்தான் புள்ள தேறும்" என்று உம்மாவிடம் சொன்னீர்களாம். மத்ரஸாவில் நீங்கள் திரும்பத் திரும்ப ஓதினீர்கள், மனதில் பதிந்தது. எல்லாமே அப்படியில்லை. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்கிற இணைப்புகள் இந்த வயதில்தான் உண்டாகின்றன. எது நிற்கும், எது உதிரும் என்பதும் இப்போதுதான் முடிவாகிறது. வளர்கிற மூளையில் இந்த வலிப்பு சில இணைப்புகளை ஓயாமல் தூண்டினால் அவை உறுதியாவதில்லை, தளர்ந்துபோகின்றன. அடுத்த முறை அதே செய்தி பாதிதான் கடக்கும். பிறகு அதுவும் இல்லை. முழுக்கத் தெரியும் என்று டொக்டரே சொல்லவில்லை. ஆனால் மருந்து இருக்கிறது என்றார். ஒவ்வொரு கிழமையும் பிந்தப் பிந்த அதன் பலன் குறையும் என்றார்.

"பொம்புளப் புள்ளைக்கு வலிப்பு எண்டு பேர் வந்தா நாளைக்கு யாரு கேப்பான்?" இதுவும் நீங்கள் சொன்னதுதான். ஏழு மாதம், காக்கா. பல் முளைக்கவில்லை. வீடு கட்டிக் கொடுத்தால்தான் பெண்ணை எடுக்கிற ஊர் இது. இப்போது அவளுடைய மூளையையும் கொடுக்க வேண்டுமா?

நஸீறா மதினிக்கும் இது வலிப்பென்று தெரியும். உங்கள் சொல்லைத் தாண்டிப் போனால் இனி உங்களோடு கதைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அவர் வாய் திறப்பதில்லை. கிளினிக் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் விடிந்தால் பிள்ளைக்கு வெளியே போகிற சட்டை உடுத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழரை பஸ் போன பிறகு சட்டையைக் கழற்றுகிறார்.

ஏழரைக்கு முன் மதினிக்குப் போன் எடுத்து, கொண்டு போ என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கை றுஸ்னா


நிந்தவூர்
ஜூன் 25

சரீப் காக்காவுக்கு, ஸலாம்.

இதைப் படம் பிடித்து முனாபின் போனுக்கு அனுப்புகிறேன். முந்தைய கடிதத்தை நீங்கள் வாசித்ததாகச் சொன்னார். வாசித்து, மடித்துப் பையில் வைத்து, "அவளுக்குப் படிப்புக் கூடிப் போச்சி" என்றீர்களாம்.

மூன்று செவ்வாய் போயிற்று. போன செவ்வாய் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக் கேட்வரை போனேன். மதினியின் வாப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரீபுட புள்ள. சரீப் சொல்லட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பஸ் போய் மறையும்வரை பிள்ளையோடு கேட்டிலேயே நின்றார்.

நேற்று நீங்கள் மதினியின் போனில் வீடியோவில் வந்தபோது நான் அங்கே கதவுக்குப் பின்னால் நின்றேன். என் குரல் கேட்டால் வைத்துவிடுவீர்கள். "மகள், வாப்பாவுக்கு ஸலாம் சொல்லுங்க" என்று ஆறேழு தரம் கூப்பிட்டீர்கள். முன்பென்றால் உங்கள் குரலுக்குப் போனையே நக்க வருவாள். நேற்று கண்கூடத் திரும்பவில்லை. "நெட் சரியில்ல போல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

நெட் நன்றாகத்தான் இருந்தது, காக்கா.

மதினி அடுத்த செவ்வாய்க்கும் அந்தச் சட்டையைக் கழுவிப் போட்டிருக்கிறார். அல்லாஹ் உங்கள் மனதை இளக்கட்டும். ஏழரைக்கு முன் போன் எடுங்கள். கொண்டு போ என்று சொல்லுங்கள்.

றுஸ்னா